கையேட்டில் பதினோரு முகங்கள்: வேலையைச் செய்வது யார்?

கேள்வி: நாங்கள் நடத்துவது சிறிய தொண்டு நிறுவனம். படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கிறோம். எங்கள் திட்டத்தால் உண்மையில் பலன் இருக்கிறதா என்று மதிப்பீடு செய்து தருவதாக, ஒரு பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய 'சமூக நோக்க ஆலோசனை நிறுவனம்' முன்மொழிவு அனுப்பியிருக்கிறது. கூடவே ஒரு அறிமுகக் கையேடு. அதில் பதினோரு பேருடைய படங்கள்: பேராசிரியர்கள், முனைவர்கள், கார்ப்பரேட்டில் இருந்து வந்தவர்கள், 'அசோசியேட்' என்று சிலர். இவர்களெல்லாம் யார்? பல்கலைக்கழகத்தின் பெயரை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

பதில்:

பதினோரு பேரில் உங்கள் வேலையைச் செய்யப்போவது இரண்டு பேர், மிஞ்சிப்போனால் மூன்று பேர். அவர்களுடைய படம் பெரும்பாலும் மூன்றாவது வரிசையில் இருக்கும். சில சமயம் இருக்கவே இருக்காது. அதற்காக மற்ற எட்டுப் பேரும் சும்மா ஒப்புக்கு என்று சொல்லவில்லை. அவர்களும் அங்கே இருப்பவர்கள்தான். உங்களுக்காக எத்தனை நாள் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி, அதற்குக் கையேட்டில் பதில் கிடைக்காது.

நான் இப்படியொரு நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். அப்புறம் ஓர் அறக்கட்டளையின் சார்பில், இதே மாதிரி நிறுவனங்களுக்கு வேலை கொடுக்கும் இடத்திலும் இருந்தேன். இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் 'தொடர்பு' என்ற சொல்லைப் பார்ப்போம். இதைப்போல் கையில் பிடிபடாமல் வழுக்கும் சொல் இந்தத் துறையில் வேறில்லை. சில இடங்களில், அமைப்பே பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பொருளாதாரத் துறையில் 2003-இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் தொடங்கிய ஜே-பால் என்ற வறுமை ஒழிப்பு ஆய்வு மையம் அப்படிப்பட்டது. அதை யாரும் ஆலோசனை நிறுவனம் என்று சொல்வதில்லை. ஆனால் அரசாங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் 'இது வேலை செய்கிறதா?' என்ற கேள்வியோடு போய் நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆஸ்திரேலியாவில் 2008-இல் தொடங்கிய சமூகத் தாக்க மையம் ஒன்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது. இங்கெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பல்கலைக்கழகம். ஏதாவது தப்பாகப் போனாலும் அதுதான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு வகையில் நிறுவனம் தனி, ஆட்கள்தான் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்தவர்கள். மைக்கேல் போர்ட்டர் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியர்; கம்பெனிகள் எப்படிப் போட்டி போடுகின்றன என்று எழுதிப் பேர் வாங்கியவர். அவரும் மார்க் கிராமரும் சேர்ந்து, அறக்கட்டளைகள் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன, கொடுத்த பணத்தால் கூடுதலாக என்ன மதிப்பு உண்டாயிற்று என்று யோசிப்பதில்லை என்று 1999-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தச் சிந்தனையை ஒட்டி உருவானதுதான் எஃப்.எஸ்.ஜி. என்ற ஆலோசனை நிறுவனம். ஏறக்குறைய அதே சமயத்தில், 2000-இல், தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்ஜ்ஸ்பான் வந்தது. அதைத் தொடங்கியவர்களில் தாமஸ் டியர்னி, பெய்ன் அண்ட் கம்பெனி என்ற பெரிய வணிக ஆலோசனை நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஜெஃப்ரி பிராடாக், ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடம் நடத்தியவர். கம்பெனி ஆள் ஒருவர், கல்லூரி ஆள் ஒருவர் என்ற இந்த ஜோடியை இந்தத் துறையில் எங்கே போனாலும் பார்க்கலாம். உங்கள் கையேட்டின் முதல் வரிசையிலும் அநேகமாக இந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசி வகை, பெயர் மட்டும். ஒரு பேராசிரியர் ஆலோசனைக் குழுவில் இருப்பார். வருடத்துக்கு இரண்டு கூட்டம். அல்லது நிறுவனர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்திருப்பார். அல்லது அதன் வளாகத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்திருப்பார்கள். எதுவும் குற்றமில்லை. ஆனால் இவற்றில் எதற்கும் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பொறுப்பாகாது. ஆகவே 'ஒப்பந்தத்தில் யார் பெயர் வரும்?' என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எந்த வகை என்று அப்போதே தெரிந்துவிடும்.

உரிமை நிலைமை மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள். பிரிட்டிஷ் அரசின் அமைச்சரவை அலுவலகத்துக்குள் 2010-இல் ஒரு சின்னக் குழு தொடங்கியது. மக்களின் அன்றாட நடத்தையைப் புரிந்துகொண்டு கொள்கைகளை வகுப்பது அதன் வேலை. தலைவர் டேவிட் ஹால்பர்ன், முன்பு கேம்பிரிட்ஜில் பாடம் நடத்தியவர். 2014-இல் அந்தக் குழு 'சமூக நோக்க நிறுவனம்' என்ற பெயரில் அரசைவிட்டு வெளியே வந்தது. அரசும் நெஸ்டா என்ற அறக்கட்டளையும் ஊழியர்களும் பங்குதாரர்கள். 2021-இல் முழுவதும் நெஸ்டாவின் கைக்குப் போனது. பத்துப் பதினோரு வருடத்தில் அரசுத் துறை, கூட்டு நிறுவனம், அறக்கட்டளையின் சொத்து என்று மூன்று அவதாரம். கையேட்டில் இருக்கும் வாசகம் எந்த அவதாரத்தின்போது எழுதப்பட்டது என்று கேட்பதில் தப்பே இல்லை.

சரி, ஆட்களுக்கு வருவோம்.

பேராசிரியர். இவருக்கு ஏன் இந்த வேலையில் ஆர்வம்? நல்ல மனசு என்பது உண்மைதான். நான் பார்த்த பலருக்கும் அது இருந்தது. அதோடு வேறு காரணங்களும் உண்டு. உங்களிடம் இருக்கும் தரவு அவருக்கு வேறெங்கும் கிடைக்காது. அதைவிடப் பெரிய காரணம், பல்கலைக்கழகமே இதை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டது. பிரிட்டனில் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியைத் தரம்பிரித்து, அதை வைத்து அரசு நிதியைப் பங்கிடும் முறை இருக்கிறது. 2014 சுற்றில்தான் முதன்முறையாக, 'இந்த ஆராய்ச்சியால் வெளியுலகில் என்ன மாறியது?' என்பதற்கு மொத்த மதிப்பில் 20 சதவீதம் ஒதுக்கினார்கள். 2021 சுற்றில் அது 25 சதவீதமானது. ஆக, உங்கள் தொழிற்பயிற்சித் திட்டத்தில் நடக்கும் நல்ல மாற்றம் ஒரு பேராசிரியருடைய துறைக்கு வருமானமாகத் திரும்பி வர முடியும். இதில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் அவர் எதைத் தேடி வருகிறார் என்று தெரிந்துகொண்டு பேசினால் பேச்சு நேராக இருக்கும்.

பேராசிரியரிடம் நான் உண்மையாக மதிப்பது அவருடைய பிடிவாதத்தை. அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர்கள். வழிதவறிப் போகக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களுக்காக, ஹார்வர்டு பேராசிரியரும் மருத்துவருமான ரிச்சர்டு கேபட் 1930-களில் ஒரு திட்டம் வகுத்தார். 506 சிறுவர்கள். வயது, குடும்பம், குணம் எல்லாம் ஒத்துப்போகும்படி ஜோடி சேர்த்து, காசு சுண்டிப் போட்டு, ஜோடியில் ஒருவனை மட்டும் திட்டத்தில் சேர்த்தார்கள். அவனுக்கு வீடு தேடி வரும் ஆலோசகர், பாடத்தில் உதவி, மருத்துவம், கோடை முகாம். சராசரியாக ஐந்தரை வருடம் இது நடந்தது. ஜோடியின் மற்றவனுக்கு எதுவும் இல்லை.

சுமார் முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்தார். திட்டத்தில் இருந்தவர்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பேர், 'அது எனக்கு உதவியது' என்றார்கள். சாதாரண ஆலோசனை நிறுவனமாக இருந்தால் அந்த ஒரு வாக்கியத்தோடு, நாலு சிரித்த முகங்களின் படத்தையும் போட்டு, அறிக்கையை முடித்திருக்கும். மெக்கார்ட் ஆவணங்களையும் புரட்டினார். 1978-இல் அவர் வெளியிட்ட முடிவு இது: குடிப்பழக்கம், கடுமையான மனநோய், திரும்பத் திரும்பக் குற்றம் செய்வது, சீக்கிரமே இறந்துபோவது என்று பல அளவுகோல்களில், உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமாக இருந்தார்கள். நல்ல எண்ணத்தோடு, நல்ல ஆட்களால், வருடக்கணக்கில் செய்யப்பட்ட உதவி அது.

ஒப்பிட இன்னொரு கூட்டம் வேண்டும், பலன் பெற்றவரின் வாய்ச்சொல் மட்டும் போதாது என்று உங்கள் பேராசிரியர் அடம்பிடித்தால், அந்த அடத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட கதைகள் இருக்கின்றன. எரிச்சலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் கார்ப்பரேட் ஆலோசனையில் இருந்து வந்தவர். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, 'ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும்' என்று வந்தவர். இவர்களைக் கிண்டல் செய்வது சுலபம், நானும் செய்திருக்கிறேன். எதை எடுத்தாலும் இரண்டு கோடு போட்டு நாலு கட்டமாக்கிவிடுவார்கள். ஆனால் பேராசிரியர் ஒரு கேள்வியை ஏழாகப் பெருக்கும்போது, அந்த ஏழையும் ஒன்றாகச் சுருக்கத் தெரிந்தவர் இவர்தான். 'நீங்கள் இந்த அறிக்கையை வைத்து என்ன முடிவு எடுக்கப்போகிறீர்கள்? அதற்குத் தேவையில்லாத எதையும் அளக்க வேண்டாம்' என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் சொன்னது எங்களுக்கு மூன்று மாத வேலையை மிச்சப்படுத்தியது. இவரிடம் உள்ள ஆபத்து, கம்பெனிக்குப் பொருந்தியது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை. பயிற்சிக்கு வரும் பையனை 'வாடிக்கையாளர்' என்று அவர் சொல்லும்போது உங்கள் முகம் மாறினால், அதை மறைக்காதீர்கள்.

தரவு ஆள் ஒருவர் இருப்பார். கணக்கில் கெட்டி, கூட்டத்தில் பேசமாட்டார். உங்கள் எக்செல் கோப்பைப் பார்த்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டால் அது உங்கள்மீது கோபம் இல்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான்.

மாணவர்கள் சிலரும் வருவார்கள். பருவம் முடிந்ததும் போய்விடுவார்கள். அவர்களை நம்பி முக்கியமான எதையும் வைக்க வேண்டாம். அவர்கள் கற்றுக்கொண்டு போகட்டும்.

இப்போது மூன்றாவது வரிசை. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1896-இல் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். அந்த ஊரில் ஏழைகளிடையே வேலை செய்துவந்த ஒரு சமூக சேவை இல்லத்தாருக்கு, ஏழாவது வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களைப் பற்றி முறையான ஆய்வு வேண்டியிருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் பொறுப்பேற்றது. வேலைக்கு அழைக்கப்பட்டவர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ். அதற்கு முந்தைய வருடம்தான் ஹார்வர்டில் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார். அங்கே அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது சமூகவியலில் ஓர் உதவியாளர் பதவி. பாடம் நடத்தும் வாய்ப்பு கிடையாது. பல்கலைக்கழகத்தின் கையேட்டில்கூடப் பெயர் வரவில்லை என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கலியாணமான புதிது, மனைவியோடு அந்த வார்டிலேயே குடியேறி, வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டிலும் தானே உட்கார்ந்து கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார்.

குற்றத்துக்கும் நகர நிர்வாகச் சீரழிவுக்கும் அந்த மக்களே காரணம் என்ற முடிவு, ஆய்வு தொடங்கும் முன்பே பலர் மனத்தில் இருந்தது. டு பாய்ஸ் கொண்டுவந்தது வேறு. எந்த வேலைக்கு இவர்களைச் சேர்ப்பதில்லை, எவ்வளவு வாடகை வாங்குகிறார்கள், எந்தக் கதவு எந்தக் காரணத்துக்காக மூடியிருக்கிறது என்று விவரம் விவரமாக எழுதினார். 1899-இல் அது நூலாக வந்தது. இன்றும் நகர்ப்புறச் சமூக ஆய்வின் முன்னோடி நூல்களில் ஒன்றாகப் பாடம் நடத்துகிறார்கள். ஆனால் அன்றைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் 'எங்கள் குழு' பக்கம் என்று ஒன்று இருந்திருந்தால், அவர் படம் அதில் இருந்திருக்காது.

நான் வேலை பார்த்த இடத்திலும் இப்படியொருவர் இருந்தார். டு பாய்ஸோடு ஒப்பிடுவதைக் கேட்டால் என்னை அடிக்க வருவார். பதவி, 'திட்ட மேலாளர்'. அதற்கு முன்பு பத்து வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தை நடத்தியவர்; நிதி நின்றுபோனதால் அதை மூட வேண்டி வந்தது. உங்களுடையதைப் போலவே ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்தை நாங்கள் மதிப்பீடு செய்துகொண்டிருந்தோம். நிறையப் பெண்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பாடத்திட்டம் சரியில்லை என்பது வேலை கொடுத்தவர்களின் சந்தேகம். அதற்கேற்ற வினாத்தாள் தயாராகிவிட்டது. இவர் ஒருநாள் முழுக்கப் பயிற்சி மையத்தின் வாசலில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வந்து, 'பாடத்தைக் குறை சொல்ல வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள்' என்றார். கடைசி வகுப்பு முடிகிற நேரமும் பள்ளிக்கூடம் விடுகிற நேரமும் ஒன்று. சின்னப் பிள்ளைகள் இருக்கிற பெண்கள் முதலில் கடைசி வகுப்பை விடுகிறார்கள், அப்புறம் சான்றிதழ் கிடைக்காது என்று தெரிந்ததும் மொத்தமாக விடுகிறார்கள். வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அப்படியே இருந்தது. வினாத்தாளில் அதற்கு ஒரு கேள்விகூட இல்லை.

அறிக்கையின் அட்டையில் இரண்டு பேராசிரியர்களின் பெயர் வந்தது. அவர் பெயர் 'நன்றி' பகுதியில், அச்சகத்தாருக்கு முந்தைய வரியில். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது, மூன்றாவது வரிசையில் தொண்டு நிறுவனம் நடத்திய அனுபவம் உள்ளவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். சம்பள நாள் நெருங்கும்போது வங்கிக் கணக்கைப் பார்த்து வயிற்றைப் பிசைந்த அனுபவம் உள்ளவர். அவரால்தான் பேராசிரியர் சொல்வதை உங்கள் ஊழியர்களுக்கும், உங்கள் ஊழியர்கள் சொல்லாமல் விட்டதைப் பேராசிரியருக்கும் புரியவைக்க முடியும். அப்படி யாருமே இல்லையென்றால் எனக்குத் தயக்கம் வரும், முதல் வரிசை எவ்வளவு ஜொலித்தாலும்.

இளம் ஆய்வாளர்களைக் குறைத்து எடைபோட வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். 'சின்னப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள்' என்று முகம் சுளிக்கும் நிர்வாகிகளைப் பார்த்திருக்கிறேன். லண்டனின் ஏழை மக்கள் வாழ்ந்த கிழக்குப் பகுதியில் 1884-இல் டாயின்பீ ஹால் என்ற சமூக சேவை இல்லம் தொடங்கியபோது அங்கே வந்து தங்கியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இளைஞர்கள்தாம். 1903-இல் அங்கே துணைப் பொறுப்பாளராக வந்தவர் வில்லியம் பெவரிட்ஜ். அவர் 1942-இல் எழுதிய அறிக்கையில்தான் பிரிட்டனின் சமூகப் பாதுகாப்பு முறைக்கு அடித்தளம் விழுந்தது. 1910-இல் செயலாளராக வந்த கிளமென்ட் அட்லி பிற்பாடு பிரதமராகி அதில் பெரும்பகுதியை நடைமுறைப்படுத்தினார். உங்களிடம் வரும் பிள்ளை பிரதமர் ஆக வேண்டிய அவசியமில்லை. காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தால் போதும்.

'அசோசியேட்' என்றால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் தனியாக வேலை செய்யும் ஆலோசகர். வேலை வந்தால் கூப்பிடுவார்கள், நாள் கணக்கில் கூலி. கையேட்டில் படம் இருப்பதால் நிறுவனத்தின் ஊழியர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆள் மூன்று நிறுவனங்களின் கையேட்டில் சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். திறமையான ஆட்கள் இதில் நிறைய. உங்கள் வேலை நடக்கும் மாதங்களில் அவர் கைவசம் நேரம் இருக்கிறதா என்பது மட்டும் தெரிய வேண்டும்.

கையேட்டில் வரவே வராத ஒருவர் உண்டு: பல்கலைக்கழகத்தின் ஒப்பந்தப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர். தொடர்பு உண்மையானது என்றால் இவரைத் தாண்டாமல் எதுவும் நகராது. தரவு யாருக்குச் சொந்தம், முடிவுகளை வெளியிடும் உரிமை யாருக்கு, காப்பீடு என்ன, எல்லாம் இவர் மேசையில்தான். அதோடு ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். உங்களிடம் பயிற்சி பெறுபவர்களில் பதினெட்டு வயது ஆகாதவர்கள் இருந்தால் அந்தக் குழு இன்னும் நிறையக் கேள்வி கேட்கும், கேட்கவும் வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். 'அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்' என்று யாராவது சொன்னால், ஒன்று பல்கலைக்கழகம் இதில் இல்லை, அல்லது சொல்பவருக்கு அந்தப் பிரிவின் பழக்கம் தெரியவில்லை.

ஒரே கட்டடத்துக்குள் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். பேராசிரியருக்குக் கட்டுரை வெளிவர இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை. மேலாளருக்குக் காலாண்டு முடியுமுன் பில் போக வேண்டும். உங்களுக்கு, அடுத்த நிதி விண்ணப்பத்துக்கு முன்னால் அறிக்கை வேண்டும். சண்டைகளில் பாதி இதனால் வருவது. ஆள் நல்லவரா கெட்டவரா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மீதிப் பாதி, வெளியிடும் உரிமையால் வருவது. முடிவு பாதகமாக வந்தால் பேராசிரியர் அதையும் வெளியிட விரும்புவார், உங்களுக்கு நடுங்கும். இதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். நடைமுறையில் ஒத்துவரும் ஏற்பாடு: வெளியிடலாம், ஆனால் அச்சுக்குப் போகும் முன் உங்களுக்குப் படிக்கக் கொடுக்க வேண்டும், தகவல் பிழை இருந்தால் திருத்த வேண்டும், முடிவை மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, வேண்டுமானால் உங்கள் நிறுவனத்தின் பெயரை மறைத்துக்கொள்ளலாம்.

பணம். 'சமூக நோக்கம்' என்பதால் மலிவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். லாபத்தைப் பங்கு பிரிக்காத நிறுவனமும் சம்பளம் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் நடுவில் இருந்தால் அதன் மேற்செலவுக்கும், அதாவது கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுக்கும், ஒரு பங்கு போகும். தொண்டு நிறுவனங்களின் மேற்செலவை நிதி கொடுப்பவர்கள் அளவுக்கு மீறிக் கிள்ளுவதால் அவை உள்ளுக்குள்ளேயே நோஞ்சானாகிவிடுகின்றன என்று பிரிட்ஜ்ஸ்பான்காரர்கள் இருவர் 2009-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் வெகு பிரசித்தம். அதே நியாயம் இந்த ஆலோசனை நிறுவனங்களுக்கும் பொருந்தும்தானே. உண்மையில் நோக்கம் சட்டத்தால் கட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிரிட்டனில் 2005 முதல் 'சமூக நலன் கம்பெனி' என்று ஒரு தனி வகை இருக்கிறது. அதன் சொத்தை உரிமையாளர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதபடி பூட்டு உண்டு. சில நாடுகளில் அப்படி ஒரு வகையே கிடையாது. அங்கே 'சமூக நோக்கம்' என்பதை யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளலாம்.

இனி உங்கள் முன்மொழிவு. அதில் நாள் கணக்கு அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள்: யார், எத்தனை நாள், எந்த வேலைக்கு. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிற இடத்தை நான் விட்டுவிடுவேன். பேராசிரியர் பெயருக்கு எதிரே இரண்டு நாள் என்று இருந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். ஆரம்பத்தில் ஆய்வு வடிவத்தைச் சரிபார்க்க ஒரு நாள், கடைசியில் முடிவுகளைக் கிழித்துத் தோரணம் கட்ட ஒரு நாள் என்றால் அது நல்ல செலவு. அவர் பெயரே அட்டவணையில் இல்லாமல் அட்டையில் மட்டும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். அதிக நாள் யார் பெயருக்கு எதிரே இருக்கிறதோ அவரோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், இயக்குநர் பக்கத்தில் இல்லாமல். 'நீங்கள் இதுவரை செய்த மதிப்பீடுகளில், வேலை கொடுத்தவருக்குப் பிடிக்காத முடிவு வந்தது எது? அதை எப்படிச் சொன்னீர்கள்?' என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு உடனே ஒரு கதை வர வேண்டும். பெயர்களை மறைத்துச் சொன்னாலும் சரி, தயங்கித் தயங்கிச் சொன்னாலும் சரி. அப்படி எதுவும் நடந்ததே இல்லை என்று பளிச்சென்று பதில் வந்தால், அவர் இந்த வேலைக்குப் புதியவர், இல்லையென்றால் அந்த இடத்தில் கெட்ட செய்தி மேலே போவதில்லை.

அப்புறம், அந்த ஆள் நடுவில் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். திட்ட மேலாளர்கள் இந்தத் துறையில் சீக்கிரம் மாறுகிறவர்கள். சம்பளம் கம்பெனியில் கிடைப்பதில் பாதி, பெயர் வருவது நன்றிப் பகுதியில். அறிக்கையில் அவர் பெயரை ஆசிரியராகப் போட வேண்டும் என்று நீங்களே ஒரு வரி சேர்த்தாலும் யாரும் மறுக்க மாட்டார்கள். வேலை கொடுப்பவர் நீங்கள்தானே.